பச்சையை அழுத்தினேன், ஆரோக்கியம் போய்விட்டான்

போன வாரம் அச்சரப்பாக்கத்தில் ஒருவன் என்னை 'சார்' என்று கூப்பிட்டான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதில் என்ன தப்பு என்பீர்கள். என்னை சார் என்று கூப்பிட ஊரில் ஆள் பஞ்சமா? பேங்க் மேனேஜரே எழுந்து நிற்கிறார். ஆனால் இவன் ஆரோக்கியம். என் முதல் வேனின் முதல் டிரைவர். இத்தனை வருஷத்தில் 'அண்ணாத்த' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை.

என் கதை உங்களுக்குத் தெரியும். ஐந்தாவதோடு ஸ்கூலுக்குக் கும்பிடு போட்டவன். கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, பழைய வேன் ஒன்றை வாங்கி... இன்று மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்களில் பாதி என்னுடையவை. முன்பே சொல்லியிருக்கிறேன்தான். நான் உழைத்துச் சம்பாதித்தது — இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

ஆபீஸை இப்போது என் மகள் சுகன்யா பார்க்கிறாள். வந்ததும் அவள் செய்த முதல் வேலை, எல்லோர் போனிலும் ஒரு ஆப் போட்டது. லீவு, டீசல், டயர், எந்த பஸ்ஸுக்கு யார் — எதுவானாலும் டிரைவர் அதில்தான் கேட்க வேண்டும். கேட்டது கடைசியில் என் போனுக்கு வரும். பச்சையை அழுத்தினால் சரி, சிவப்பை அழுத்தினால் இல்லை. அதற்கு மேல் ஆக வேண்டியதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். யாரையும் கூப்பிட வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் மாற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இவனுக்கு இங்கிலீஷ் வராது என்று யாராவது நினைத்துவிட்டால்? பச்சை எது, சிவப்பு எது என்று தெரிகிறதே... போதாதா?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவருக்கு முதலாளி மேல் கோபம் வந்தால் சண்டை போட மாட்டான். பஸ் சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பான். "வேற ஆள பாத்துக்க அண்ணாத்த" என்பான். சொல்லிவிட்டுப் போகவும் மாட்டான், அங்கேயே நிற்பான். "எங்கடா போற? குந்துடா" என்று நான் நாலு வார்த்தை திட்ட வேண்டும். டீ வரும். பாதி டீயில் விஷயம் வெளியே வரும். கிளாஸை வைக்கும்போது சாவி அவன் பையில் இருக்கும்.

ஆரோக்கியம் அப்படி வருஷத்துக்கு ஒரு தடவையாவது சாவி வைப்பான். பொங்கல் மாதிரி.

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் நான் கோவளத்தில் இருந்தேன். சிநேகிதர் காதர் பாய்க்குப் புதுப் படகு வந்திருந்தது, அதற்கு விருந்து. வஞ்சிர வறுவலோடு பேச்சும் தொழில் பக்கம் போனது. "ஆபீஸ் போவலியா?" என்று யாரோ கேட்டார். விடுவேனா? போனை எடுத்துக் காட்டினேன். ஆபீஸ் இங்கேதான் இருக்கிறது, பாருங்கள் என்று வந்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சை, பச்சை, பச்சை... கை கழுவி வருவதற்குள் அன்றைய நிர்வாகம் முடிந்தது. காதர் பாய் அசந்துபோனார்.

சாயங்காலம் சுகன்யா போன் செய்தாள்.

"நைனா, ஆரோக்கியம் மாமாவ ஏன் அனுப்பிட்ட?"

நான் எங்கே அனுப்பினேன்?

அந்தப் பச்சைகளில் ஒன்று ஆரோக்கியத்தின் ராஜினாமா. நான் அழுத்திய கையோடு மீதியை அதுவே பார்த்துக்கொண்டது. அவன் ரூட்டுக்கு வேறு டிரைவர் போட்டாயிற்று. கேட்டில் வாட்ச்மேனுக்குத் தகவல் போய், அவனே பஸ் சாவியை வாங்கி வைத்துவிட்டான். எல்லோர் போனுக்கும் ஆரோக்கியம் பெயர் போட்டு ஒரு நன்றிச் செய்தி... ரோஜாப்பூ படத்தோடு. என் மேஜைக்கு ஒன்றுமே வரவில்லை.

உடனே பழையபடி மாற்று என்றேன். முடியாதாம். "புது ஆளாத்தான் அப்ளை பண்ணணும் நைனா." யார்? என் முதல் வேனை ஓட்டினவன்!

போன் போட்டேன், எடுக்கவில்லை. எனக்கும் வீம்பு வந்தது. எங்கே போய்விடுவான், அவனே வருவான் என்று இருந்துவிட்டேன். வாரங்கள்தான் வந்து போயின.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக அச்சரப்பாக்கம் போனபோதுதான், டீக்கடை ஓரத்தில் ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு நின்ற ஆரோக்கியத்தைப் பார்த்தேன். "வணக்கம் சார்" என்றான். பிள்ளைகளை அழைக்கப் போக நேரம் இருக்கிறதாம், எனக்கும் ஒரு டீ சொன்னான்.

அது தெரியாமல் நடந்தது என்றேன். போனைப் பற்றிச் சொன்னேன். இங்கிலீஷைப் பற்றியும் சொன்னேன். அதை நான் இதுவரை எவனிடமும் சொன்னதில்லை. கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"புது பஸ்ஸு நேத்து வந்தவனுக்குன்னு போன்ல வந்துச்சு. உங்களுக்குத் தெரியாம நடந்திருக்கும்னு நெனச்சேன். முன்னல்லாம் சாவி வெப்பேன்ல, அந்த மாதிரிதான் அத அழுத்தினேன். நீங்க கூப்ட்டு திட்டுவீங்கன்னு போனக் கையிலயே வெச்சிகினு குந்திகினு இருந்தேன் சார். பூவு வந்துச்சு."

'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது, கவனித்தீர்களா?

"வாடா ஆரோக்கியம், வந்துடு" என்றேன்.

"போடான்னு திட்டியிருந்தா மறுநாளே வந்திருப்பேன். சரின்னுட்டீங்களே... சரின்னா இன்னா பண்றது?"

பிள்ளைகள் காத்திருக்கும் என்று எழுந்தான். என் டீக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான். நான் தடுக்கவில்லை. தடுக்கும் உரிமை எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

திரும்பி வந்ததும் சுகன்யாவிடம் அந்த ராஜினாமா பட்டனை மட்டும் எடுக்கச் சொன்னேன். லீவு, டீசல், டயர் எல்லாம் போனில் இருக்கட்டும், குறையில்லை. வேலையை விடுகிறவன் மட்டும் சாவியை என் மேஜையில்தான் வைக்க வேண்டும்.

மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவனும் கோபித்துக்கொண்டு வரவில்லை.