நாற்பத்து நான்காவது மீட்டர்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. பட்டப்பகல். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது.

பாறைக் கொட்டகையில் அவள் தனியாக இருந்தாள். நிலத்தைத் துளைத்து எடுத்த உருளைப் பாறைத் துண்டுகள் ஆழ வரிசைப்படி பெட்டிகளில் கிடந்தன. எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுவது அவள் வேலை. மூன்று மாதம் முன்புவரை அது அவளுடைய அண்ணனின் வேலை.

அவன் போய்விட்டான். முடி கொட்டி, நகம் கழன்று, நாற்பது வயதில். எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் அவன் மூச்சில் பூண்டு வாடை வீசியது. "அண்ணே, மூட்டையோட தின்னியா?" என்று அவள்தான் கேலி செய்தாள். அவன் பூண்டைத் தொடவே மாட்டான்.

போன் அடித்தது. பொறியாளர்.

"நாலு மணிக்குக் கையெழுத்து வேணும்மா. அறுபது குடும்பம் புதுக் கிணத்துக்குக் காத்திருக்கு."

"பாத்துட்டிருக்கேன் சார்."

"அண்ணன் பாத்ததுதானே? நம்ம கொட்டகைப் பழைய கிணறும் அவர் சொன்ன ஆழம்தான்."

பெட்டியில் ஐந்து வரிசை. 43 முதல் 48 மீட்டர்வரை வெளிறிய மணற்பாறை. கடைசி வரிசைத் தொடக்கத்தில், 47-இல், விரலளவு கறுப்புப் பட்டை. யுரேனியம், அதை ஒட்டிச் செலினியம்; தண்ணீரில் கலந்தால் இரண்டும் நஞ்சு. அதைத் தொடாமல் 44-இல் தண்ணீர் எடுக்கலாம் என்று அண்ணன் எழுதியிருந்தான்.

2.52. ஒரு துண்டு தலைகீழாகக் கிடந்தது. எல்லாத் துண்டிலும் எது மேல்பக்கம் என்று காட்ட நீளவாக்கில் இரண்டு கோடு உண்டு: வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் நீலம். இதில் மாறியிருந்தது. திருப்பி வைத்தாள். துணி நனைக்கக் குழாயடிக்குப் போனாள்.

கடக்...

திரும்பி வந்தாள். அந்தத் துண்டு மறுபடி தலைகீழ்.

மறுபடி திருப்பினாள்.

3.04. பூண்டு வாடை.

காதுக்குப் பின்னால். மிக அருகில்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடக்... கடக்... கடக்...

சத்தம் நின்றது. பார்த்தாள்.

கறுப்புப் பட்டை முதல் வரிசையில் இருந்தது.

"அண்ணே...?"

யாருமில்லை.

லென்ஸை எடுத்தாள். தண்ணீரில் பெருமணல் அடியில் படியும், நுண்மணல் மேலே. இப்போது புரண்டு கிடந்த எல்லாத் துண்டிலும் பெருமணல் அடியில் இருந்தது. இதுதான் சரி. அண்ணன் பெட்டி முழுவதையும் தலைகீழாக அடுக்கிவிட்டு, அதற்குப் பிறகு கோடு போட்டிருக்கிறான். துளைக்குழாயிலிருந்து எடுத்த கையோடு போட வேண்டிய கோடு.

பட்டை 44-இல்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. பட்டையையும் பழைய கிணற்றுத் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

அடுத்த திங்கள் ஆய்வகத்திலிருந்து பேசினார்கள். "செலினியம் எக்கச்சக்கம்மா. பழைய கிணத்துலயும்தான். வருஷக்கணக்கா குடிச்சா முடி, நகம் எல்லாம் போயிடும். மூச்சே பூண்டு நாறும். யாரும் குடிக்கலியே?"

கொட்டகையிலேயே தங்கி அந்தத் தண்ணீரைக் குடித்தவன் ஒருவன்தான்.

அம்மாவிடம் சொல்ல வீட்டுக்குப் போனாள். வாய் திறக்குமுன் அம்மா கையைப் பிடித்தாள்.

"போன செவ்வாக்கிழமை உங்கண்ணன் வந்தாண்டி. மூணு மணி இருக்கும். கண்ணசந்திருந்தேன். தண்ணி குடுத்தேன். கையில வாங்கிட்டு, 'இது எந்தக் கிணத்துத் தண்ணிம்மா?'ன்னான். குடிக்காமலே போயிட்டான். தாகத்தோட வந்த புள்ள... ஏண்டி அப்படிக் கேட்டான்?"