தட்டிவிட்டுத் திறப்பவர்

காலி வீடுதான். குடியிருந்தவர் யாரிடமும் சொல்லாமல் போய் மாதக்கணக்கில் ஆகிறது. ஆனாலும் பூட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். வீட்டை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவோடு வந்த கோர்ட்டு அமீனா பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "உள்ள யாராவது இருந்தா சட்டையாவது மாட்டிக்கட்டும் சார்" என்கிறார் பூட்டுக்காரர். அதன் பிறகுதான் பையிலிருந்து கம்பி வெளியே வரும்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். நடைபாதையில் ஒரு தகரப் பெட்டிக்கடை. குடும்பமே அதை நம்பித்தான் இருக்கிறது. சாவியைத் தொலைத்துவிட்டு வருபவர்களுக்கு முதலில் திட்டு, அப்புறம்தான் வேலை. சொந்த வீட்டுச் சாவியை அவரே அடிக்கடி தொலைப்பதை அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சர்க்கார் சொல்லித் திறப்பதென்றால் கூடுதலாக ஒரு சடங்கு உண்டு. உத்தரவைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மூடிய கதவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். கதவு எண், பெயர், கையெழுத்து, முத்திரை, ஒன்றையும் விடமாட்டார். கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். "கவர்மெண்டு நம்ம ஓட்டுலதான உட்கார்ந்திருக்கு? அதுக்காக நம்ம வீட்டுல கேக்காம வந்து உட்காரலாமா?" என்பார்.

போன வாரம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், ஊரில் இல்லாத மைக்செட்காரரின் வீட்டைத் திறக்க இவரைக் கூட்டிப்போனார். மைக்செட்காரருக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒலிபெருக்கியை இவர் கடைப் பக்கமே திருப்பிவைத்துச் சோதனை போட்டுக் காதைச் செவிடாக்கியவர் அவர். வேறு யாராவது என்றால் அன்று குஷியாகக் கம்பியை எடுத்திருப்பார்கள். இவர் உத்தரவுக்குக் கையை நீட்டினார். அது அப்புறம் வரும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அப்படியானால் நானும் அப்புறமே வருகிறேன் என்றார் இவர்.

"உன் கடை எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"நடைபாதையில சார். அதான் பயமா இருக்கு. ஆனா அந்தக் கதவு அந்தாளோடதாச்சே."

சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டீர்களே, அதுவும் போயும் போயும் அந்த ஆளுக்காகவா என்று மனைவி பிடிபிடியென்று பிடித்தார். மைக்செட்காரருக்கோ விஷயமே தெரியாது; தெரிந்தால் அதையும் ஒலிபெருக்கியில் போட்டுவிடுவார்.

இன்று காலை இவர் கடை திறக்க வந்தபோது, வாசலில் நகராட்சி வண்டி நின்றது. கடப்பாரையோடு இரண்டு ஆட்கள், ஒரு மேற்பார்வையாளர். இவர் வழக்கம்போல் கையை நீட்டினார். இந்த முறை காகிதம் இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி படித்தார். நடைபாதை ஆக்கிரமிப்பு, கடையை அகற்ற உத்தரவு, கீழே கையெழுத்து, முத்திரை. எல்லாம் சரியாக இருந்தது. தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, கண்ணாடியை இன்னொரு முறை துடைத்துக்கொண்டார்.

"மேல்முறையீடு பண்ணலாம்னு அடியில போட்டிருக்கு. மத்தியானமே போய்ப் பண்ணிடுவேன்" என்றார். "இப்போ கடப்பாரையைக் கீழ வைங்க. ஆர்டர்தான் இருக்கே, நானே திறக்கறேன்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்தவர், தன் கடைக் கதவைத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.