சனமில்லாத லாச்சப்பல்

செய்தி வந்தபோது நான் அதைத் துண்டித்தேன். செவ்வாய் காலை, கடையில் வெண்டிக்காய்ப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் மணி அக்காவின் பெயர். பிறகு ஆறுதலாகப் பேசலாம் என்று இரண்டு தடவை வெட்டினேன். மூன்றாவது தடவை எடுத்தால், ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மகள். "அம்மா போயிட்டா, அன்ரி."

பாரிஸில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் மரக்கறி வாங்கிய எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். பதினொரு வருடம் என் பக்கத்தில் நின்று நிறுத்துக் கொடுத்தவர். முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பவர்களிடம், "வாங்கிப்போட்டு வீட்டை கொண்டுபோய் முறியுங்கோ" என்பார். கோபித்துக்கொண்டு போனவர்களும் அடுத்த கிழமை அவரிடமே வந்து நின்றார்கள்.

மகளுக்கு வேல்ஸில் வேலை கிடைத்ததும், பேரப்பிள்ளையைப் பார்க்க அக்காவும் போனார். ஒன்பது வீடுகள் உள்ள குக்கிராமம். கடை கிடையாது. பேருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும். தபால் கந்தோர் கிழமைக்கு ஒருமுறை வான் வண்டியில் வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போகும். சிவப்புத் தொலைபேசிப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே தொலைபேசிக்குப் பதில் பழைய புத்தகங்கள். கறிவேப்பிலை வேண்டுமென்றால் காரில் ஒன்றரை மணி நேரம். லாச்சப்பல் என்றால் பிரெஞ்சில் சிறு தேவாலயம்; அந்த ஊருக்கும் அங்குள்ள சிறு தேவாலயத்தால்தான் பெயர் வந்ததாம். "நான் இப்பவும் லாச்சப்பலிலைதான் இருக்கிறன் பிள்ளை. சனம்தான் இல்லை" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர் எனக்குப் போன் எடுப்பதெல்லாம் கடை நேரத்தில். "சனம் நிக்குது அக்கா, பிறகு எடுக்கிறன்" என்பேன். வேலை முடிந்து, சார்செலில் உள்ள வீட்டுக்கு ரயில் ஏறுமுன் நான் திருப்பி எடுத்தால் இணைப்புக் கிடைக்காது. தானே எடுத்துவிட்டுப் பிறகு போனை அணைத்து வைக்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வேறு.

செத்தவீட்டுக்குப் போனபோதுதான் மகள் சொன்னாள், அவர்கள் வீட்டில் சிக்னலே இல்லையாம். இணையமும் மழை வந்தால் நின்றுவிடுமாம். மேட்டில் உள்ள தேவாலய மதிலடியில் மட்டும்தான் போன் எடுபடும். இருபது நிமிட ஏற்றம்.

"உங்களோடை கதைக்கத்தான் அம்மா அங்கை ஏறிப் போறவா. நீங்கள் திருப்பி எடுப்பியள் எண்டு கனநேரம் நிண்டு பாத்திட்டுத்தான் இறங்கி வருவா."

நானும் ஏறிப்போய் அந்த மதிலடியில் நின்றேன். மழைக்காற்றில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. அங்கேயே குந்தியிருந்து அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை, நான் எடுக்காத அழைப்புகள். அவற்றைக் கைபேசியிலிருந்து அழிக்க மாட்டேன். அக்கா, ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அந்த நேரங்களில் கடையில் அப்படியொன்றும் சனம் நிற்கவில்லை.