கோடு விழுந்த முகவரி

நான் குடியிருப்பது தாராவியில். ஆனால் வேலைக்குப் போகும் அலுவலகப் பேருந்தில் தினமும் ஏறுவது மாட்டுங்காவில். வீட்டைத் தாண்டித்தான் அந்தப் பேருந்து போகிறது. அதில் ஏற, அது வரும் திசைக்கே எதிராக அரை மணி நேரம் நடக்கிறவள் இந்தப் பம்பாயில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேலைக்கு எடுத்து முதலில் பயிற்சி தருகிறார்கள். அங்கே என்னதான் படிக்கிறாய் என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறார்கள். அணு நிலையத்தில் யுரேனியம் ஒரு கிராம்கூடக் காணாமல் போகாதபடி கண்காணிக்கப் படிக்கிறோம். வகுப்பில் பெண் நான் மட்டும். ஏட்டில் எழுதியதை நம்பாதே, போய் நிறுத்துப் பார் என்பது முதல் பாடம். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, கையெழுத்திட வேண்டும்.

இதைப் படிக்கும் முன்பே நான் இந்த வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மணிமணியான கையெழுத்தில், முகவரி என்று மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணாச்சியின் மளிகைக் கடையை எழுதினேன். தாராவி என்றால் எடுக்க மாட்டார்களோ என்ற பயம். பயம் பாதிதான்.

யுரேனியக் கிடங்குக்குள் போக பாஸ் தருவதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு. ஹவல்தார் கடைக்கு வந்து, “லட்கி இதர் ரெஹ்தீ க்யா?” என்று, நான் அங்கேதான் இருக்கிறேனா எனக் கேட்டிருக்கிறார். அண்ணாச்சிக்குப் பொய் வராது. “இதர் சிட்டி மட்டும்தான் சாப். லட்கி தாராவி” என்று, இங்கே அவளுக்குக் கடிதம் மட்டும்தான் வரும் என்பதோடு வீட்டுக்கு வழியும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார். தோல் கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

“ஏட்டி, வந்த போலீஸ்காரன் நம்ம சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனானாம். ஒனக்குத்தான் இங்க இருக்கேன்னு எழுதக் கை வரல, என்ன?”

“வேலை கெடைக்காதோன்னுதாம்ப்பா…”

“கெடச்ச பெறவும் மாட்டுங்காவுக்குத்தான நடக்க?”

அவர் சோற்றைத் தொடாமல் எழுந்து போனார்.

மறுநாள் பயிற்சி அதிகாரி விண்ணப்பத்தை என் முன் நகர்த்தினார். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கிடங்குக்குப் பாஸ் கிடையாது, வகுப்பில் யுரேனியத்துக்குப் பதிலாக மணல் நிரப்பிய டப்பாக்களை எண்ணிக்கொண்டிரு என்றார். பிறகு, “திருத்து” என்று பேனாவை நீட்டினார். கோடு இழுத்தேன். கோட்டுக்கு அடியில் மாட்டுங்கா தெளிவாகத் தெரிந்தது. மேலே தாராவி என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதற்கடுத்த காலை, தாராவி நிறுத்தத்திலேயே நின்றேன். மாட்டுங்காவில் பேருந்து எனக்காக இரண்டு நிமிடம் காத்திருந்ததாக அதில் வந்தவர்கள் பிறகு சொன்னார்கள். தாமதத்தை ஈடுகட்ட வேகமாக வந்த அந்தப் பேருந்து, கைநீட்டி நின்ற என்னைத் தாண்டி செம்பூரை நோக்கிப் போய்விட்டது.