யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஓடிப் பழகுகிறேன்

ஐம்பதைத் தாண்டியபின் நூறு மீட்டர் ஓட்டம் பழகுவதைப்போல ஊரே நின்று விசாரிக்கும் தொழில் வேறு கிடையாது. என்னைப்போல முட்டி வலியோடு ஓடிக்கொண்டிருக்கும் மூத்த ஓட்டக்காரர்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலேசியாவில் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட காலமெல்லாம், ஒரு பிள்ளை அழுதால் எங்கே போய்க்கொண்டிருந்தாலும் நின்றுவிடுவேன். யாருக்காகவும் நிற்காமல் ஒரே ஒரு தடவை ஓடினால் இந்த உடம்புக்கு எவ்வளவு வேகம் வரும்? ஓய்வு பெற்றதும் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சிரம்பானில் நடக்கும் மூத்தோர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள்

செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சாலையில் ஓடினேன். எதிரே மோட்டாரில் வந்த பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா வண்டியைத் திருப்பி, "ஏறு" என்றாள். யாருக்கோ முடியவில்லை என்று நினைத்துவிட்டாள். தோட்டத்தில் என் வயதுப் பெண் ஓட வேறு காரணம் இருந்ததில்லை. போட்டிக்கு என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சும்மா ஓடுறதுக்கு எதுக்குடி இவ்ளோ வேகம்?"

கால் ஏன் தயங்குகிறது?

பகாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாயும் மூத்தோர் ஓட்டக்காரர். என் ஓட்டத்தைப் பார்க்க வந்தார். சாலையில் கிழித்துவைத்த முடிவுக் கோடு நெருங்கும்போது என் வேகம் விழுகிறது, மூச்சும் வாங்கவில்லை. இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். காலணி மாற்றினேன். வாழைப்பழம் தின்று பார்த்தேன்.

அடுத்த வாரம் பாய் கோட்டைத் தாண்டி நடந்துபோய்ப் பார்த்தார். அங்கே ஆழமான வடிகால். எதிர்த் திசையில் ஓடச் சொன்னார். கால் தயங்கவே இல்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பாய் சொன்னார்: "கோளாறு ஒண்ணும் இல்ல தங்கச்சி. ஒங்க காலுக்கு புத்தி ஜாஸ்தி."

கூடத்தில்

குனிந்து புறப்படுவதை வீட்டுக் கூடத்தில் பழகினேன். விரல்களை ஊன்றி, இடுப்பைத் தூக்கி எழுந்தபோது முட்டி 'மடக்' என்றது. கணவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "துப்பாக்கி சுட வேணாம்னு சொல்லிரு, ஒன் முட்டியே போதும்."

சிரம்பானில்

அடுத்த பாதையில் ரஹாங்கிலிருந்து வந்த லெட்சுமி. அன்று காலையில்தான் பழக்கம். அவள் தைலத்தைத்தான் நானும் தேய்த்துக்கொண்டேன். துப்பாக்கி வெடித்தது. பாதித் தூரத்தில் அவள் தொடையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று விழுந்தாள். அந்தச் சத்தத்துக்கு எத்தனை தடவை நின்றிருப்பேன். இந்தத் தடவை நிற்கவில்லை. கோட்டைத் தாண்டியும் கால் ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு வேகம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

அடுத்த நொடி திரும்பி அவளிடம் ஓடினேன். அதற்குள் யாரோ கொடுத்த ஐஸைத் தொடையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நிற்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நின்னிருந்தா அறைஞ்சிருப்பேன் லா. எத்தனாவதா வந்தே, அத சொல்லு மொதல்ல."

ஓடியது நான்கு பேர், விழுந்தது ஒருத்தி, எனக்கு மூன்றாம் பரிசு. இந்த வயதில் எங்கள் தொழிலில் முழுசாக வந்து சேர்வதற்கும் மேடை உண்டு.