கதையைக் கிழித்தவரும் என் வாசகர்தான்

கிராமத்து நூலகர் வேலையில் பாதி புத்தகத்தை அடுக்குவது, மீதி அதைப் படித்தவர்களிடம் திட்டு வாங்குவது. எழுதியவர் எங்கோ நிம்மதியாக இருப்பார். கதையில் நல்லவன் செத்தாலும் கெட்டவன் தப்பித்தாலும் கேள்வி கேட்க அகப்படுகிறவள் நான்தான். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, ஒலக்கூர் பக்கம் ஓர் ஊரில் பன்னிரண்டு வருஷம் இப்படிக் குப்பை கொட்டினேன். அநியாயமான கதையைப் படித்துவிட்டு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. கேளுங்கள்.

ஜாமீன் கையெழுத்து

எங்கள் நூலகத்தில் உறுப்பினராகச் சேர வேண்டுமானால், ஊரில் தெரிந்த மனிதர் ஒருவர் விண்ணப்பத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தோடு ஓடிவிட்டால் அவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. காலனியிலிருந்து செல்வி வந்தாள். களையெடுப்பது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவது என்று கிடைத்த வேலைக்குப் போகிறவள், பத்தாவது வரை படித்தவள். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவில் நாலு பேர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். ஒருவர் கண்ணாடி இல்லை என்றார், ஒருவர் பேனா இல்லை என்றார். மூன்றாமவர், பொம்பளைக்கு எதற்குக் கதைப் புத்தகம் என்று புத்திமதி சொன்னார். நாலாமவர் வெளியே வரவே இல்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நூலகரே ஜாமீன் போடலாமா என்று விதிகளைப் புரட்டினேன். போடக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. போட்டேன். என்னை டீச்சர் என்றே கூப்பிடும் செல்வி, தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நூறு நாள் வேலைக்குக்கூட இத்தினி பேரு வாசல்ல போயி நிக்கல டீச்சர். கதை படிக்கிறது இன்னா அவ்ளோ டேஞ்சரான வேலையா?"

அமீனா ஐயாவின் புகார்

எங்கள் வாசகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதையின் முடிவு பிடிக்கவில்லை என்றால், அச்சடித்த கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் தங்கள் தீர்ப்பை எழுதிவிடுவார்கள். 'இவனைச் சும்மா விட்டது தப்பு.' 'அந்தப் பெண் புருஷனிடம் திரும்பிப் போயிருக்கக் கூடாது.' ஒரு புத்தகத்தில் நாலு பேர் நாலு தீர்ப்பு எழுதி, ஐந்தாமவர் 'முதல் ஆள் சொன்னதே சரி' என்று முடித்திருந்தார். விதிப்படி நான் ரப்பரை எடுத்து அழிக்க வேண்டும். ஒரு வரியைக்கூட அழித்ததில்லை.

இப்படித் தீர்ப்பு எழுதுவதில் முதல் ஆள் அமீனா ஐயா. கோர்ட்டு நோட்டீசைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு வருகிற கதை என்றால் விடமாட்டார், படித்த கதை எதுவும் அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் புத்தகத்தை மேஜையில் தொப்பென்று போட்டுவிட்டுச் சொன்னார்: "இவன் எரநூறு பக்கத்துல நியாயம் வாங்கிக் குடுத்துட்டாம்மா. நான் ஒரே கேசுக்கு அப்பனுக்கும் நோட்டீசு ஒட்டியிருக்கேன், அப்புறம் அவன் புள்ளைக்கும் ஒட்டியிருக்கேன்."

ஊர் பேர் இல்லாத கதை

நான் அங்கே இருந்த கடைசி வருஷம் வந்த புத்தகக் கட்டில் ஒரு சிறுகதைத் தொகுப்பு இருந்தது. அதில் ஒரு கதை, பன்னிரண்டு பக்கம். காலனியில் ஒரு சாவு. பிணத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக விடாமல் தடுக்கிறார்கள், ஏரிக்கரையைச் சுற்றிப் போகச் சொல்கிறார்கள். செத்தவரின் மகள் பாடையைத் தெருமுனையில் இறக்கிவைத்துவிட்டு, போகமாட்டேன் என்று நிற்கிறாள். நிற்பதோடு கதை முடிகிறது. எழுதியவர் தெற்கத்திக்காரர், எங்கள் ஊர்ப் பக்கமே வராதவர். ஆனால் எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். காலனியில் யார் செத்தாலும் சேற்றில் இறங்கி ஏரிக்கரையைச் சுற்றித்தான் போவார்கள்.

நானும் என் சொந்த ஊரில் ஊர்த்தெருக்காரியாகப் பிறந்தவள். பன்னிரண்டு வருஷம் இந்த ஊர்த்தெருவின் தார் ரோட்டில் நடந்தும், இவர்கள் ஏன் சுற்றிப் போகிறார்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஒரு கதை வந்து கேட்க வைத்தது. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

செல்வி அதை எடுத்துப்போய் காலனிப் பெண்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துப்போனார்கள். சேதி ஊர்த்தெருவுக்கு எட்டியது. சபாபதி வந்தார். ஊரில் அதிக நிலம் உள்ளவர், அவர் சொன்னால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். நம்ம ஊரைப் பற்றி எவன் எழுதியது என்று கேட்டார். புத்தகத்தில் போட்டிருந்த எழுதியவரின் ஊரைக் காட்டினேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை, புத்தகத்தைத் தன் பேரில் பதிந்துகொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி, "நம்ம ஊரு பேரே இல்லாம நம்ம ஊர எழுதி வச்சிக்கினு கீறான். லேசுப்பட்ட ஆளா இவன்?" என்றார்.

கெடு தவறாத வாசகர்

சொன்ன தேதியில் புத்தகம் திரும்பி வந்தது. அட்டை போட்டு, அழுக்குப் படாமல். பிரித்துப் பார்த்தேன். அறுபதாம் பக்கத்துக்கு அடுத்தது எழுபத்து மூன்றாம் பக்கம். அந்தக் கதையை மட்டும் பிளேடு வைத்து, தையல் கெடாமல் அறுத்து எடுத்திருந்தார். அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததைப் பார்த்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது.

சபாபதியிடம், இது நீங்கள் செய்ததா என்று கேட்டேன். மறுப்பார், சண்டை பிடிக்கலாம் என்று இருந்தேன். அவர் மறுக்கவில்லை. "படிச்சேன், புடிக்கல. புடிக்காதத எடுத்துக்கினு மீதிய பத்திரமா கொண்டாந்து குடுத்துட்டேன் இல்ல, இன்னும் இன்னா உனுக்கு?"

எல்லாம் கரையான்

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். எங்களிடம் சேதமான புத்தகங்களுக்கு என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் 'சேதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். மழையில் நனைந்தாலும், மாடு மென்றாலும், குழந்தை கிழித்தாலும் அந்தக் கட்டத்தில் கரையான் என்றுதான் எழுதுவோம். எங்கள் வேலையில் கரையானைப் போல் பழி சுமக்கிற ஜீவன் கிடையாது. அன்று கோபத்தில் நான் 'வாசகர் சபாபதி அறுத்து எடுத்தார்' என்று எழுதி, நகலை மேலே அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் விழுப்புரத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் மாட்டிக்கொண்டு ஏற்கனவே கடுப்பில் இருந்தார். கையில் ஒரு மனு. நான் சாதிச் சண்டை மூட்டுகிறேனாம், என்னை நீக்க வேண்டுமாம், நாற்பது கையெழுத்து. என் வேலை நிரந்தரமில்லாதது, ஒரு வரியில் முடித்து அனுப்பிவிடலாம். அவர் குரலைத் தணித்து வழி சொன்னார். பேரை அடித்துவிட்டுக் கரையான் என்று எழுத வேண்டும், புத்தகத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். ஒரு வாரம் அவகாசம்.

வீட்டில் நான் கொண்டுபோகிற சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனாலும் பேரை அடிக்க மாட்டேன் சார் என்றேன். முழுக்கதை இல்லாத புத்தகத்தை அலமாரியில் வைக்கக் கூடாது என்றால், கதையை முழுசாக்கி வைக்கிறேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். "கரையான் மேல எழுதினா ஒருத்தனும் மனு குடுக்க மாட்டாம்மா. ஆளு மேல எழுதினா பாரு, நாப்பது கையெழுத்து வருது."

பன்னிரண்டு பக்கம்

புத்தகம் வேறு எங்கும் கிடைக்கவில்லை. பதிப்பகத்துக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. செல்வியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஒன்பது பெண்களோடு வந்து நின்றாள். கதை அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் சொல்லச் சொல்ல, புத்தகத்தின் அளவுக்கு வெட்டிய கோடு போட்ட தாளில் நான் எழுதினேன். அடிக்கடி சண்டை வந்தது. மழை பெய்ததா தூறியதா என்றே அரை மணி நேரம் போனது. நடுவில் வந்த அமீனா ஐயா, அது பஞ்சாயத்து ரோடு, எவனும் தடுக்க முடியாது என்று சட்டத்தைச் சேர்க்கச் சொன்னார். எழுதியவர் சேர்க்கவில்லை என்று அவரை உட்காரவைத்தோம்.

முடிவுக்கு வந்ததும் பெரிய ரகளை. நாம்தானே எழுதுகிறோம், பிணத்தைத் தெருவழியாகக் கொண்டுபோய்விடலாம் என்றார்கள் ஒன்பது பேரும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. செல்வி ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. "பொய்யா எழுதிக்கினு இன்னா பண்றது? அந்தப் பொண்ணு நிக்கட்டும். நாம நெசமா போனப்புறம் எழுதிக்கலாம்."

தெருமுனை

தாள்களை ஒட்டி, புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். ஒரு வார அவகாசம் தாண்டியும் விழுப்புரத்திலிருந்து ஒரு உத்தரவும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து, மாசி மாதத்தில், செல்வியின் மாமியார் இறந்துபோனார். காலை பதினொரு மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. வழக்கம்போல் ஏரிப்பக்கம் போய்த் தேயவில்லை, நெருங்கி வந்தது. நூலகம் தெருமுனையில்தான் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். ஊர்த்தெரு ஆட்கள் குறுக்கே நின்றார்கள், நடுவில் சபாபதி. "இறக்கு" என்றாள் செல்வி. பாடையை ரோட்டில் இறக்கினார்கள்.

இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். நான் நூலகத்துப் பெஞ்சையும் தண்ணீர்க் குடத்தையும் வெளியே போட்டுவிட்டு, அவர்களோடு போய் நின்றேன். ஒருவன், உனக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினான். இவங்க என் வாசகருங்க என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அமீனா ஐயா யார் யாருக்கோ போன் போட்டார். தாசில்தார் ஆபீஸ் ஜீப்பும் போலீசும் வந்தன. பஞ்சாயத்து ரோடு, வழி விடுங்கள் என்றார்கள். குறுக்கே நின்றவர்கள் அவரவர் வீட்டுக்கு ஒதுங்கினார்கள், பாடை எழுந்தது. தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம், அதற்கு மேலே மேளச் சத்தம். நான் அழுதுவிட்டேன். செல்வி என்னைத் தாண்டும்போது நின்று சொன்னாள்: "கதையில அந்தப் பொண்ணு ஒத்தையா நின்னுச்சி டீச்சர். நாம அம்பது பேரு நின்னோம்."

ஒரு திருத்தம்

காரியம் முடிந்த மறுவாரம் செல்வி வந்து, சொன்னபடி பதின்மூன்றாம் பக்கம் ஒன்றை எழுதி ஒட்டினாள். நாலே வரி. தெருவழியாகப் போனோம், எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது என்று எழுதியிருந்தாள். அதற்கு மறுநாள் சபாபதி வந்தார். புத்தகத்தைக் கேட்டார். இந்த முறை வீட்டுக்குத் தரமாட்டேன், இங்கேயே உட்கார்ந்து படியுங்கள் என்றேன். அறுத்தால் மறுபடி எழுதுவோம் என்றும் சொன்னேன். அவர் உட்காரவில்லை, நின்றபடியே பதின்மூன்று பக்கத்தையும் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"எல்லாக் கதவும் சாத்தியிருந்திச்சின்னு எழுதிக்கினு கீறா. பொய்யி. என் ஊட்டுக் கதவு தெறந்துதான் இருந்திச்சி, நான் வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தேன். அத்தயும் சேத்து எழுதச் சொல்லு."

அடுத்த மாதமே எனக்குக் கடலோரம் பொம்மையார்பாளையம் பக்கம் மாற்றல் வந்தது. அநியாயத்தைப் பற்றிய கதை அலமாரியில் இருக்கிறவரை இலக்கியம், படித்தவர்கள் தெருவில் இறங்கி நின்றுவிட்டால் அது நூலகர் செய்த குற்றம், அந்தக் குற்றத்தை இங்கேயும் செய்வதாகத்தான் இருக்கிறேன்.