வாள் துறவிகளுக்குச் சோறு தேடிக் காஜா பெராங்குக்கு

காலை ஏழு மணிக்குச் சிரம்பானில் பஸ் ஏறினேன். மலாக்காவுக்கு ஐம்பது மைலுக்குச் சற்று மேல். கட்டணம் இரண்டு வெள்ளி. மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம், கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வழியெல்லாம் கொடிகள் மழையில் நனைந்தும் இறங்காமல் பறந்தன. மற்றவர்கள் ஊர் பார்க்கப் போனார்கள்; நான் சோறு தேடிப் போனேன். எனக்கல்ல, என் துறவிகளுக்கு.

வாரப் பத்திரிகை ஒன்றில் நான் எழுதும் தொடர்கதையில் மலையுச்சி மடம் ஒன்று உண்டு. அங்கே நாற்பது துறவிகள் வாளேந்தி ஊரைக் காக்கிறார்கள். சில வாரங்கள் ஜோராக வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு ஆசிரியர் கூப்பிட்டார். "இவர்களுக்குச் சோறு போடுவது யார்? மடத்துக்கு ஆள் எப்படிச் சேருகிறது? அடுத்த அத்தியாயத்தில் நம்பும்படி சொல்லும், இல்லையென்றால் கதையை முடித்துவிடும்" என்றார். அரசன் மானியம் கொடுத்தான் என்று எழுதினால் துறவிகள் அவன் கூலிப்படை ஆகிவிடுவார்கள். கொள்ளையடித்தார்கள் என்றால் கதையே நாறிவிடும். தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த வேளையில், லாரி ஓட்டும் நண்பர் தேவராசு தங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்கு அழைத்தார். சாப்பாடு பிரமாதமாக இருக்கும் என்றதும் கிளம்பிவிட்டேன்.

பத்தரைக்கு மலாக்கா. கோயில் இருக்கும் காஜா பெராங்குக்குப் பேச்சா என்னும் சைக்கிள் ரிக்ஷா நாற்பது காசு. மிதித்த சீனர், ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில் பிள்ளையார் கோயில் முன்னும் பள்ளிவாசல் முன்னும் ஒரே மாதிரி வேகத்தைக் குறைத்தார். அவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

நண்பகலில் பந்தி. தேங்காய்ப்பால் விட்ட பூசணிக் குழம்புக்காக மூன்று தரம் சோறு வாங்கினேன். சும்மா தின்றுவிட்டுப் போவதா என்று கூச்சமாக இருந்தது. சமையற்கட்டுக்குப் போய், அங்கே நின்ற பெண்மணியிடம் ஐந்து வெள்ளியை நீட்டினேன். சாரோங்கும் கெபாயாவும் உடுத்த மலாக்காச் செட்டிப் பெண்; பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இனி ஹாரி சாயா புன்யா!" என்றார் உரக்க. இந்த நாள் என்னுடையது என்று அர்த்தம்.

தேவராசு ஓடி வந்தார். "கெடுத்தீங்களே அண்ணே! இன்னைக்கி மீனாட்சியக்கா வீட்டு உபயம். அரிசி, எண்ணெ, பூவு எல்லாம் அவங்களோடது. வேற ஆளு காசு உள்ள வரவே கூடாது. போன வருஷம் ஒரு பெரிய முதலாளி மூட்ட மூட்டயா அரிசி எறக்குனாரு. அதயே திருப்பி அனுப்பிட்டாங்க லா!"

"எனக்கும் ஒரு நாள் கிடைக்குமா?"

"எங்க கெடைக்கும்? அப்பாவுக்கு அப்பறம் மவன். புடிச்ச நாள யாரு விடுவா?"

"மிந்தா மாஆஃப், காக்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டேன். மீனாட்சியக்கா சிரித்துவிட்டார். தண்டனையாக இன்னொரு இலை போட்டு உட்காரவைத்தார். அப்படியொரு தண்டனையை நான் மறுப்பேனா?

நான்கு மணிக்கு அம்மன் புறப்பாடு. தேவராசு பல்லக்குக்குத் தோள் கொடுத்தார். இறக்கி வைத்ததும், "கூலி உண்டா?" என்று கேட்டேன்.

"கூலியா!" என்று கன்னத்து அம்மைத் தழும்பைத் தொட்டுக் காட்டினார். "சின்னதுல பொழைக்க மாட்டேன்னுட்டாங்க. பொழைச்சா ஒனக்குத் தோள் குடுப்பான்னு அம்மன்கிட்ட எங்கம்மா நேர்ந்துக்கிச்சு. இங்க தூக்குறவங்க முக்காவாசி அப்படித்தான் அண்ணே. யாரும் ஆளு சேக்கல."

அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. என் மடத்துக்குச் சோறும் கிடைத்துவிட்டது, ஆளும் கிடைத்துவிட்டது.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பியபோது மீனாட்சியக்கா புளிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்தார். இந்த முறை கை பைக்குப் போகவில்லை. சிரம்பானில் நான் சாப்பிடும் கடையில் யார் காசு நீட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். எனக்குச் சோறு போடுவது தன் உரிமை என்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. பஸ்ஸில் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த அத்தியாயத்தில் அரசன் பொன் மூட்டைகளோடு பத்து வண்டிகளை மலைக்கு அனுப்பினான். நாற்பது துறவிகளில் ஒருவர்கூட வாளை உருவவில்லை. கையில் கரண்டியோடு ஒரு பெண்பிள்ளை வாசலுக்கு வந்தாள்.

"இன்று என் நாள்" என்றாள். வண்டிகள் திரும்பிப் போயின.